நாற்பதைத் தொடாத வெப்பம்

1998 ஏப்ரல் 9ஆம் தேதி, தாய்லாந்து எல்லையை ஒட்டிய பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் வெப்பமானி 40.1 டிகிரி செல்சியஸ் காட்டியது. மலேசியாவின் உச்ச வெப்பநிலை என்று பதிவேடுகள் சொல்வது அந்த எண்ணைத்தான். அந்த மாதங்களில் தெற்கே, கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாய்கள் வறண்டன. கிள்ளான் கேட்ஸ், லங்காட், செமினி அணைகளின் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போக, கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் மாதக்கணக்கில் தண்ணீரைப் பங்கிட்டுத்தான் விட்டார்கள். லாரி வரும் நேரத்துக்கு வாளியும் பீப்பாயுமாக வரிசையில் நின்றவர்களிடம் இன்று 1998 பற்றிக் கேட்டால், தண்ணீர் இல்லாத வருசம் என்பார்கள். வெயில் அடித்த வருசம் என்று சொல்பவர்கள் குறைவு.

இந்தப் பள்ளத்தாக்கின் வெப்பத்தை ஆராயப் புகுபவர் முதலில் இடறுவது இங்கேதான். அது தன் சொந்தப் பெயரில் வருவது அரிது. ஒரு முறை தண்ணீர்த் தடையாக வரும், மறுமுறை புகைமூட்டமாக வரும், இன்னொரு முறை சாய்ந்த மரமாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு இலாகா உண்டு, ஒரு அறிக்கை உண்டு. வெப்பத்துக்கு உள்ள கணக்கு மட்டும் கோடை என்ற பருவமுள்ள நாடுகளுக்குப் பொருந்தும் அளவுகோலில் எழுதப்படுகிறது.

அந்த அளவுகோலைப் பார்ப்போம். மலேசிய வானிலை ஆய்வுத் துறை மூன்று கட்டங்களாக எச்சரிக்கை விடுக்கிறது. ஒரு வட்டாரத்தின் பகல்நேர உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை இருந்தால் முதல் கட்டம். 37 முதல் 40 வரை மூன்று நாள் நீடித்தால் வெப்ப அலை. 40ஐத் தாண்டி மூன்று நாள் நின்றால் மூன்றாம் கட்டம். 2016 ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவிலும் பள்ளிகளை மூட வைத்தது 37ஐத் தாண்டிய வெயில். கோலாலம்பூருக்கு முதல் கட்டம் அவ்வப்போது வரும். இரண்டாவது அபூர்வம்.

ஏன் அபூர்வம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 3 டிகிரியில் இருக்கிறது. மார்ச் கடைசி வாரத்திலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வந்து போகும். அந்தச் சமயத்தில், நாளை முதல் வெயில் நாற்பதைத் தாண்டும், வெளியே வராதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். வானிலைத் துறை அதை மறுக்கும். மறுப்பு நியாயமானதுதான். இங்கே நிலம் ஈரம், காற்று ஈரம், மரம் விடும் மூச்சும் ஈரம். சூரிய ஆற்றலின் பெரும்பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகிவிடுகிறது. எஞ்சியதுதான் காற்றைச் சுடவைக்கிறது. ஆவி மேலே போய் மேகமாகிப் பிற்பகலில் வெயிலை மறைக்கும், பல நாள் இடியோடு கொட்டவும் செய்யும். தொடர்ந்து பல வாரம் மழை பொய்த்து மண் காய்ந்தால்தான் வெப்பமானி ஏறும்.

ஆனால் உடம்பு வெப்பமானியை மட்டும் பார்ப்பதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். காற்று ஏற்கெனவே நீரால் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது. இதை அளக்க அறிவியலில் ஈரக்குமிழ் வெப்பநிலை என்ற ஒன்று இருக்கிறது. வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றிக் காற்றில் வைத்தால் அது எவ்வளவு தூரம் குளிர்கிறதோ அந்த அளவு. மே மாதத்தில் வேலூர்ப் பக்கம் 42 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ 24. கிள்ளானில் 35 டிகிரி, ஈரப்பதம் 55 விழுக்காடு என்றால் அது 27½. வெப்பமானியில் ஏழு டிகிரி குறைந்த ஊர், வியர்வையின் கணக்கில் மூன்றரை டிகிரி கூடுதல் சூடு. இதைக் கொண்டு வேலூர் வெயில் சாது என்று சொல்லிவிட முடியாது. தோலின் சூட்டைத் தாண்டிய காற்று உடம்புக்குள் வெப்பத்தை ஏற்றும், நீரை உறிஞ்சிவிடும். வறண்ட அனலிலும் ஆட்கள் சாகிறார்கள். இரண்டு ஊரையும் ஒரே எண்ணால் அளந்தால் இரண்டில் ஒன்றைத் தவறாகப் படிப்போம் என்பதே நான் சொல்ல வருவது.

மனித உடல் தாங்கக்கூடிய எல்லை ஈரக்குமிழில் 35 டிகிரி என்று ஆய்வாளர்கள் ஷெர்வுட்டும் ஹியூபரும் 2010இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பிறகு இளவயது ஆரோக்கியசாலிகளை வைத்துச் சோதித்தபோது, ஈரக்காற்றில் அந்த எல்லை 31க்கு அருகிலேயே வந்துவிட்டது. அவர்கள் இளைஞர்கள், லேசான வேலை செய்தவர்கள். இரத்த அழுத்த மாத்திரையோடு சிமெண்ட் மூட்டை சுமக்கும் ஐம்பது வயதுக்காரரின் எல்லை இன்னும் கீழேதான் இருக்கும்.

தோட்டப்புறத் தமிழர்களின் பழைய நாள் ஒழுங்கை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். இருட்டு விலகுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு, பெயர் கூப்பிட்டதும் காட்டுக்குள் நடை, வெயில் ஏறுமுன் பால்மரம் வெட்டி முடித்தாக வேண்டும். தொழிலாளர் நலனுக்காகச் செய்த ஏற்பாடு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதிகாலைக் குளிர்ச்சியில் மரத்தின் உள்ளழுத்தம் கூடுதலாக இருக்கும், பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். மரத்தின் வசதிக்காக வகுத்த அட்டவணை, கடும் உச்சிவெயிலின் ஒரு பகுதியிலிருந்து மனிதனையும் தற்செயலாகக் காத்தது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ரப்பர் இலை உதிர்த்து நிற்கும். பால் குறையும், வருமானமும் குறையும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கோடை அதுதான். சித்திரை வெயிலைப் பஞ்சாங்கத்தில் படித்தாலும், கண்ணால் கண்டது மாசி, பங்குனியில் காலடியில் நொறுங்கிய சருகைத்தான்.

1960களிலிருந்து ரப்பர் போன இடமெல்லாம் செம்பனை வந்தது. செம்பனைக் குலைக்கு விடியற்காலை என்ற நிபந்தனை கிடையாது. பகல் முழுக்க நீண்ட கழியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து இழுக்க வேண்டும், குலையைச் சுமந்து ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டும், விற்கப்பட்டும், வீடமைப்புப் பகுதியாக மாறியும் வெளியேறியவர்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் வந்து லாரி ஓட்டினார்கள், காவலுக்கு நின்றார்கள், கட்டுமானத்துக்குப் போனார்கள். காலையிலேயே முடிந்துவிடும் வேலை என்ற ஒன்று அவர்கள் வாழ்க்கையிலிருந்து மறைந்தது. தொழிலாளர் வரலாற்றை எழுதுபவர்கள் இதைக் கூலியின் கணக்கிலும் வீட்டின் கணக்கிலும் எழுதுகிறார்கள். வெப்பத்தின் கணக்கிலும் எழுத வேண்டும்.

தண்ணீருக்குத் திரும்புவோம். 2014 பிப்ரவரியில் மழை நின்றது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தண்ணீரில் பாதிக்கு மேல் கொடுக்கும் சிலாங்கூர் ஆற்று அணை, கோலகுபு பாருவில், நாற்பது விழுக்காட்டுக்கும் கீழே போனது. மார்ச் தொடங்கி ஏப்ரல் முடியும்வரை பங்கீடு: இரண்டு நாள் வரும், இரண்டு நாள் வராது. ஆகாயப்படையின் ஹெர்குலிஸ் விமானங்கள் மேகத்தில் உப்புக் கரைசலைத் தூவின. அதைவிடப் பயன்பட்டது பள்ளத்தாக்கின் பழைய காயம் ஒன்று. ஈயம் தோண்டிக் கைவிட்ட குட்டைகளிலிருந்து ஆற்றுக்கு நீர் இறைத்தார்கள். பகாங்கிலிருந்து தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக நீர் கொண்டுவரும் திட்டம் அதன்பிறகுதான் முழுப் பயனுக்கு வந்தது.

எல்லாப் பழியையும் எல் நினோ மேல் போடும் வழக்கம் உண்டு. பசிபிக் கடலின் சூடான நீர் கிழக்கே நகர, மேகம் எழும் இடமும் அங்கே போய்விட, இந்தோனேசியா, மலேசியா மேல் காற்று கீழிறங்கி மழை குறையும். 1997-98இல் நடந்தது அதுதான், 2015-16இலும் அதுவே. ஆனால் 2014 தொடக்கத்தில் எல் நினோ இல்லை. வடகிழக்குப் பருவக்காற்றின் வால்பகுதி எப்போதுமே வறண்டது. அந்த ஆண்டு கொஞ்சம் நீண்டது, அவ்வளவே. அதற்கே பத்து லட்சக்கணக்கானோர் வாளி தூக்கினார்கள் என்றால், இடைஞ்சல் வானத்தில் மட்டும் இல்லை.

புகைமூட்டத்தின் கதையும் அப்படியே. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி, போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்ட, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, 13ஆம் தேதி விலக்கினார்கள். அந்த ஆண்டும் வலுவான எல் நினோ ஆண்டு அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று சுமாத்ராவின் ரியாவ் பக்கம் எரிந்த காட்டுப் புகையை மலாக்கா நீரிணை தாண்டிக் கொண்டுவந்தது. கிள்ளான் நேர் எதிர்க்கரை.

அந்த ஆகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு வெளியிடாமல் வைத்திருந்த குறியீட்டு எண்களை அரசாங்கம் மறுபடி வெளியிட்டது. 1997இல் புகைமூட்டம் பற்றிக் கல்வியாளர்கள் பகிரங்கமாகப் பேசக்கூடாது என்று தடையே போட்டிருந்தார்கள். சுற்றுப்பயணிகள் பயந்து போவார்கள் என்ற கவலை. கண்ணுக்கெதிரே கட்டடம் தெரியாத ஊரில் எண்ணை மறைத்து என்ன சாதித்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று. எண் வெளியானபிறகும் அது முழு எண் இல்லை. நுரையீரலின் ஆழம்வரை போகும் மிக நுண்ணிய துகள்களான பி.எம். 2.5ஐ மலேசியக் குறியீட்டில் சேர்த்தது 2018 ஆகஸ்டில்தான். ஆகவே 2005இன் 500ஐயும் 2019 செப்டம்பரில் பள்ளிகளை மூட வைத்த 200ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியில்லை. பழைய எண்கள் உண்மை நிலையைவிடக் குறைத்தே சொல்லியிருக்கக் கூடும்.

எல்லைதாண்டிய புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002 ஜூனில் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. இந்தோனேசிய நாடாளுமன்றம் அதை ஏற்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதைச் சொல்லிக் கோபப்படுவது எளிது, நியாயமும்கூட. ஆனால் கிள்ளானிலேயே ஜொஹான் செத்தியா இருக்கிறது. அங்கே நிலம் கரிச்சேறு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி மக்காமல் கிடக்கும் மரமும் வேரும். விவசாயத்துக்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அது காயும், காய்ந்தால் எரியும். எரிவதும் மேலே இல்லை. தரைக்குக் கீழே, சுடர் இல்லாமல், வாரக்கணக்கில். மேலே பீய்ச்சும் தண்ணீர் அதற்கு எட்டாது. நிலத்தடி நீர்மட்டத்தையே உயர்த்த வேண்டும். கோல சிலாங்கூரின் ராஜா மூசா காட்டில் 2008 முதல் மாநில வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் கால்வாய்களை அடைத்து, மரம் நட்டு, அதைத்தான் செய்துவருகின்றன. மழை குறைந்த வாரங்களில் நாட்டிலேயே மோசமான காற்று என்று ஜொஹான் செத்தியா நிலையம் காட்டும்போது, புகை அக்கரையிலிருந்து வந்தது என்று எப்போதும் சொல்ல முடியாது.

இங்கே வெப்பமும் புகையும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. வெக்கை நாளில் வீட்டைக் குளிர்விக்க ஏழைக்குத் தெரிந்த ஒரே வழி ஜன்னலைத் திறப்பது. புகை நாளில் சுகாதார அறிவுரை ஜன்னலைச் சாத்தச் சொல்கிறது. குளிர்சாதனம் உள்ளவர் இரண்டையும் கடைப்பிடிக்கலாம். கூடவே தண்ணீரும் நின்றுவிட்டால், குளித்து உடம்பைத் தணிக்கும் வழியும் போய்விடுகிறது. தனித்தனி இலாகாக்களின் தனித்தனி அறிக்கைகளில் இந்த வீடு எதிலும் தெரிவதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் கோலாலம்பூரின் சூட்டுக்கு ஒருவகையில் பிறந்த வீடு. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர வீடுகளையும் அத்தாப்புக் கூரைகளையும் அழித்தன. இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் உத்தரவிட, சூளைகள் எழுந்த இடம் இது. பின்னால் இரயில்வே வந்தது, இரயில்வேயோடு தமிழர்களும் இலங்கைத் தமிழர்களும் வந்தார்கள். அந்தக் காலக் கடைவீடுகளின் முன்னால் அஞ்சடி இருக்கும்: மாடியின் நிழலில், வெயிலும் மழையும் படாமல் கடைக்குக் கடை நடக்கலாம். உயரக் கூரை, சுவரில் காற்றுத் துவாரம். 2001இல் பழைய இரயில் முற்றத்தின் மேல் கே.எல். சென்ட்ரல் எழுந்தது; சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். உள்ளே இருப்பவரின் வெப்பத்தைக் குளிர்சாதனம் தெருவில் நடப்பவர் மேல் ஊதித் தள்ளுகிறது.

நகரச் சூட்டை அளந்து காட்டிய முன்னோடி மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் ஷாம் சானி. 1970களிலேயே நகரின் நடுப்பகுதி இரவில் சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரி சூடாக இருப்பதையும், பசுமை நிறைந்த இடங்கள் குளிர்ந்திருப்பதையும் அவர் பதிவு செய்தார். இரவு என்பதுதான் முக்கியம். பகலில் செங்கல்லும் கான்கிரீட்டும் தாரும் வாங்கி வைத்த வெப்பத்தைப் பொழுது சாய்ந்தபின் விடுகின்றன. மேற்கு பார்த்த சுவருள்ள அடுக்குமாடி வீட்டில் நள்ளிரவிலும் சுவரில் கை வைத்தால் சூடு தெரியும். இதயமும் சிறுநீரகமும் பகல் உழைப்பிலிருந்து மீளும் நேரம் தூக்கம். அது கிடைக்காமல் அடுத்த நாள் தொடங்கினால் பழைய சுமை அப்படியே மிச்சம். வானிலைத் துறையின் மூன்று கட்டங்களில் இரவுக்கு இடமே இல்லை. அதிகாரபூர்வ வெப்பமானி சுபாங் விமான நிலையம் போன்ற திறந்தவெளியில், புல்தரை மேல், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. உலகமெங்கும் விதி அதுதான், ஊருக்கு ஊர் ஒப்பிட அது தேவையும்கூட. ஆனால் அந்தப் பெட்டிக்குள் யாரும் குடியிருப்பதில்லை.

சூட்டின் இன்னொரு முகம் மாலையில் தெரியும். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடி கேட்கும் வட்டாரம் இது. சூடேறிய ஈரக்காற்று எழுந்து கருமேகமாகி, மழைக்கு முன்னால் குளிர்காற்றை ஓங்கி அறையும். 2024 மே 7ஆம் தேதி பிற்பகல் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரமொன்று அப்படிச் சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். 17 வாகனங்கள் நசுங்கின, மோனோரயில் நின்றது. தென்மேற்குப் பருவத்தில் சுமாத்ரா காற்று என்று அழைக்கப்படும் புயல்வரிசை விடியுமுன் நீரிணையைத் தாண்டி முதலில் கிள்ளான் கரையைத்தான் தாக்கும். வெள்ளத்துக்கு 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் உண்டு, மரத்துக்கு என்ன உண்டு? ஒரு விபத்துக்குப்பின் மக்கள் மரத்தைக் கண்டு பயப்படுகிறார்கள், வெட்டச் சொல்கிறார்கள். நிழல் குறையக் குறையத் தெரு இன்னும் சூடாகும். மரத்தைப் பராமரிக்கும் செலவை வெப்பத் தடுப்புச் செலவாகக் கணக்கெழுதும் மாநகராட்சி இருந்தால் இந்த வட்டம் உடையலாம்.

சட்டத்தைப் பார்த்தால், வேலையிட வெப்ப அழுத்தத்துக்கு 2016இல் தொழில்பாதுகாப்புத் துறை வழிகாட்டி வெளியிட்டது. அதில் ஈரப்பதம், வெயிலின் நேரடிக் கதிர் எல்லாம் சேர்ந்த அளவுதான் பயன்படுகிறது. ஆக, சரியான கருவி அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது வழிகாட்டி. இத்தனை டிகிரிக்கு மேல் வேலையை நிறுத்து என்று கட்டாயப்படுத்தும் விதி இல்லை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தச் சட்டம், உடனடி ஆபத்து இருந்தால் வேலையிடத்தை விட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. முகவரிடம் கடன்பட்டு வந்த வங்காளதேசத் தொழிலாளியோ, நாள் சம்பளத்துக்கு நிற்பவரோ உச்சிவெயிலில் அதைச் சொல்லி நிழலுக்குப் போவார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. கத்தார் 2021இல் கோடை மாதங்களில் காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலைக்கே தடை போட்டது. அங்கே யாரும் தன் உரிமையைக் கேட்டு நிற்க வேண்டியதில்லை, கடிகாரம் பார்த்துக்கொள்ளும்.

தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அதைப் பெற அந்த மரணம் வெப்ப மரணம் என்று ஒருவர் எழுதித் தர வேண்டும். மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோ எழுதுவதுதான் எங்கும் வழக்கம். அது பொய்யும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தச் சிக்கல் இன்னும் ஒருபடி கூடுதல். இங்கே அன்றைய வெப்பமானி 34 என்று காட்டியிருக்கும், எச்சரிக்கையும் இருந்திருக்காது. சந்தேகப்படக்கூட மருத்துவருக்குக் காரணம் கிடைக்காது.

ஜொஹான் செத்தியாவில் புகை எழும் இடத்திலேயே ஓர் அளவை நிலையம் வைக்க முடிந்தது. அதன் எண் வரத் தொடங்கியபின்தான் கிள்ளானின் கரிச்சேறு நாடறிந்த செய்தியானது. அதுபோல மலிவுவிலை அடுக்குமாடிகள் சிலவற்றின் மேல்தளத்தில், வீட்டுக்குள்ளே, இரவு முழுக்க வெப்பத்தையும் ஈரத்தையும் பதிவுசெய்யும் சிறு கருவிகளை வைக்கலாம். விலை அதிகமில்லை. எச்சரிக்கையின் மூன்று கட்டங்களோடு அந்த இரவு எண்ணையும் சேர்த்து வெளியிட்டால், கோலாலம்பூருக்கு வெப்ப அலை அபூர்வம் என்ற வாக்கியம் எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்துவிடலாம்.